புதுப்பிப்பு: ‘எ லாங் வாக் டு வாட்டர்’ நாவலைப் பிள்ளைகளோடு படித்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் லிண்டா சூ பார்க்கின் இந்த நாவலில் மாறி மாறி வரும் இரண்டு காலங்களையும் குழப்பிக்கொள்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. படித்து முடித்துவிட்டோம்.

பலன் தந்தது, சுவரில் வரைபடம் மாட்டி இருவரின் பாதையையும் நூலால் காட்டும் யோசனைதான். 1985இல் போருக்குத் தப்பி ஓடும் சிறுவன் சால்வாவுக்குச் சிவப்பு நூல். தெற்கு சூடானிலிருந்து எத்தியோப்பியாவின் இடாங் அகதி முகாம், கிலோ நதி, கென்யாவின் ககுமா முகாம் என்று நீண்டது. 2008இல் தண்ணீருக்கு நடக்கும் சிறுமி நியாவுக்கு நீல நூல்; வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே அதே தடத்தில் திரும்பத் திரும்ப. இரண்டாம் வாரமே குழப்பம் போய்விட்டது.

நியாவின் பகுதிகளை மட்டும் முதலில் படிக்கும் யோசனை எங்களுக்குச் சரிவரவில்லை. கடைசியில் இரண்டு கதைகளும் சந்திக்கும் இடம் வலுவிழந்துவிடும் என்று தோன்றியது, பாதியில் விட்டோம்.

எதிர்பாராதது ஒன்று. சிங்கம், முதலை வரும் இடங்களில்தான் பிள்ளைகள் உறைந்துபோவார்கள் என்று நினைத்தேன். அழுக்குத் தண்ணீர் குடித்து நியாவின் தங்கை அகீர் நோயில் விழும் இடத்தில்தான் யாரும் பேசவில்லை. நியாவின் நூயர் இன ஊருக்குக் கிணறு தோண்ட வந்தவர், அவர்களோடு காலங்காலமாகப் பகை கொண்ட டிங்கா இனத்தவர் என்று தெரிந்ததும், ஒரு மாணவி அந்தப் பக்கத்தை மறுபடி சத்தமாகப் படிக்கச் சொன்னாள். மூன்று முறை படித்தோம்.