ஆறு வாரமாகியும் முழங்கால் 85 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரம் ஆகிறது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். நீட்டுவதில் குறையில்லை, மடக்குவதுதான் 85 டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100-க்கு மேல் வேண்டுமாம். படுத்தபடி குதிகாலை இழுக்கும்போது, "இரும்புப் பட்டை கட்டின மாதிரி இருக்கு" என்று பல்லைக் கடிக்கிறார். சாயங்காலமானால் வீக்கம் வேறு. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதேம்மா என்று நான் கத்தாத இரவில்லை!

இப்படியே நின்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிவரலாம், அதையும் தழும்பு இறுகுவதற்குள், 12 வாரத்துக்குள் செய்வதுதான் நல்லது என்கிறார் டாக்டர். அது இல்லாமலே இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்களா? வலி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பயிற்சி செய்தீர்கள்? ஒரே மூச்சாகவா, நாலைந்து தடவையாகப் பிரித்தா?