ஸ்மார்ட் போர்டா, பல்பும் பேட்டரியுமா?

குழு: கடலூர் - புதுவை குடும்பம்

அண்ணன் (லாஸ்பேட்டை): பாப்பா, உன்னிடம் ஒரு யோசனை கேட்கணும். எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டிருக்கிறோம். பாகூர், அரியாங்குப்பம் பக்கம் சில பள்ளிகள், உங்கள் கடலூர் பக்கம் சில பள்ளிகள். 9, 10-ஆம் வகுப்பு அறிவியலுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்று பேச்சு. நீ என்ன சொல்கிறாய்?

நான்: போர்டு வேண்டாம் அண்ணா.

நான்: படம் காட்ட இப்போதே நிறைய இருக்கிறது. பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு, 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி, பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலி, பள்ளியில் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை. பிள்ளைகள் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். மறுநாள் கேட்டால் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

அண்ணி: வீடியோ பார்த்தும் புரியாதா?

நான்: அண்ணி, போன வாரம் மின்னோட்டவியல் நடத்தினேன். ஒரு பேட்டரி, தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு பல்பு. எது நன்றாக எரியும் என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல், "முதல் பல்புதான் மிஸ், அடுத்ததற்குப் போவதற்குள் கரண்ட் செலவாகிவிடும்" என்றார்கள். ஓம் விதியைச் சொல்லச் சொன்னால் ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார்கள், இதே பிள்ளைகள்தான்.

நான்: அப்புறம் ஹைடெக் லேபில் ஃபெட் சிமுலேஷனைத் திறந்தேன், திரையிலேயே சோதனை செய்து பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். பல்புக்கு முன்னால் கரண்டை அளக்கும் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் மாட்டச் சொன்னேன். இரண்டிலும் ஒரே எண். ஒரு பையன் நம்பாமல் இடம் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

நான்: அதற்குப் பிறகு நிஜ பல்பைக் கையில் கொடுத்தேன். அதில் ஒன்று லேசாக மங்கலாக எரிந்தது. "பார்த்தீர்களா மிஸ்" என்று ஒரே சத்தம். ஒரு பெண் மட்டும் பேசாமல் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினாள். மங்கலும் அந்தப் பல்போடேயே போனது. குறை பல்பில், வரிசையில் இல்லை என்று அவளே சொன்னாள். எனக்கு அன்றைக்கு அதுவே போதும்.

அண்ணன் மகள்: அத்தை, போனில் செய்கிற மாதிரி ஏதாவது இருக்கா? எங்களுக்கு இப்போ சி.பி.எஸ்.இ., ஆனால் ஒலி பாடம் எங்களுக்கும் இருக்கு.

நான்: இருக்குடா கண்ணு. ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி, ஜெர்மனியில் ஆஹன் நகரப் பல்கலைக்கழகம் செய்தது. சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம் அதில் இருக்கிறது. மாடியில் இரண்டு போனை 5 மீட்டர் தள்ளி வை. நீ ஒரு போன் பக்கத்தில் கை தட்டு, இரண்டும் ஓடும். அப்பா அடுத்த போன் பக்கத்தில் தட்டட்டும், இரண்டும் நிற்கும். இரண்டு நேரத்தையும் கழி. ஒலி போகவர 10 மீட்டருக்கு ஆன நேரம் அதுதான். எவ்வளவு வரும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுச் செய்.

அண்ணன் மகள்: அத்தை!! 0.029 நொடி வந்தது. 10-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு 345 மீட்டர்!

அண்ணன் மகள்: அடுத்த தடவை 0.028. அப்போ 357. எது சரி?

நான்: அருமையான கேள்வி. கடிகாரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே விடை 12 மீட்டர் நகர்கிறது பார். அதனால்தான் பல முறை எடுத்துச் சராசரி போடுகிறோம். இப்போது மாடியில் 30 டிகிரி என்று வைத்துக்கொள். 0 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 கூடும். நீயே கணக்குப் போடு.

அண்ணன் மகள்: 349!

அம்மா: அதெல்லாம் சரி. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

நான்: பிள்ளைகளிடம் போன் தேவையில்லை அம்மா. வகுப்புக்கு இரண்டு போன் போதும், பழையதாக இருந்தாலும் சரி.

அண்ணன்: அப்போ பணத்தை எதில் போடலாம்?

நான்: ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி. பல்பு, பேட்டரி, ஒயர், மல்டிமீட்டர், லென்ஸ், இரண்டு பழைய போன், சிமுலேஷன்கள் ஏற்றிய பென் டிரைவ். 2022-இல் தமிழக அரசின் வானவில் மன்றம் திட்டம் வந்ததிலிருந்து 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்குச் சோதனை செய்து காட்ட ஆள் வருகிறார்கள். 9, 10-க்கு அது இல்லை, பொதுத்தேர்வு வேறு கழுத்தைப் பிடிக்கிறது.

நான்: மீதிப் பணம் ஆசிரியர்களுக்கு. மாதம் ஒரு சனிக்கிழமை, கடலூரில் ஒரு தடவை, பாகூரில் ஒரு தடவை. யார் என்ன கேள்வி கேட்டார்கள், பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று எங்களுக்குள் பேசணும். உங்கள் பக்கம் சி.பி.எஸ்.இ., எங்கள் பக்கம் மாநிலப் பாடத்திட்டம். மின்னோட்டத்தில் பிள்ளைகள் தடுக்குகிற இடம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அண்ணன்: போர்டு கொடுத்தால் கண்ணுக்குத் தெரியுமே என்று சிலர் சொல்வார்கள்.

நான்: பெட்டியின் மேல் உங்கள் பெயரைப் பெரிதாகவே எழுதலாம் அண்ணா. அது தினமும் பிள்ளைகள் கையில் இருக்கும்.

அண்ணன்: சரி. விலையோடு பட்டியல் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன்.

நான்: இன்று ராத்திரியே அனுப்புகிறேன். ஆசிரியர்கள் கூடும் நாளுக்கான பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவும் அதில் இருக்கும். தொகை கூடுதலாகத் தெரிந்தால் பெட்டியில் ஒன்றிரண்டு சாமானைக் குறையுங்கள், ஆசிரியர்கள் கூடும் செலவை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.