ஒற்றைத் தோட்டா ரைஃபிள் தேடிய கதை: உங்களுடையதையும் எழுதுங்கள்

படுத்துச்சுடுபவன், சென்னை

என்.சி.சி.யில் 25 கஜத்தில் ஐந்து தோட்டா சுட்டு, ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிக் காட்டினேன். ஹவில்தார் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் இந்த விளையாட்டுக்குள் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. 12 வருடம் கிளப் ரைஃபிளிலேயே காலம் தள்ளிவிட்டுப் போன வருடம் சொந்தமாக ஒன்று வாங்கினேன், 50 மீட்டர் போட்டிக்கான .22, அதாவது 5.6 மில்லிமீட்டர் சிறு தோட்டா போடும் ரைஃபிள்.

வீட்டில் முதல் கேள்வியை மாமனார் கேட்டார். "இவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள் மாப்பிள்ளை, ஒரே ஒரு தோட்டாதான் போட முடியுமா?"

போட்டி விதியே அப்படித்தான், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைக்க வேண்டும் என்றேன். விதி இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் வாங்கியிருப்பேன். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசின் கிடையாது என்பதால், பேரல் பொருந்தும் உடல்பகுதியான ரிசீவரின் அடிவயிற்றைக் கீற வேண்டியதில்லை, இரும்பு விறைப்பாக நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஈயம். .22 குண்டு, மெழுகு பூசிய வெறும் ஈயம். நகத்தால் கீறினாலே கோடு விழும். மேகசினிலிருந்து தாவி ஏறும்போது அதன் மூக்கு எங்காவது உரசினால், அந்த உரசல் 50 மீட்டர் தள்ளி அட்டையில் தெரியும். கையால் வைக்கும் தோட்டா எங்கும் இடிபடாமல் நேராகப் பேரலுக்குள் போய் உட்காரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமனார் சொன்னார்: "அப்படியானால் இரண்டாவது தோட்டா தேவைப்படாதபடி சுடுங்கள்."

ஜெர்மன் கம்பெனிகளில் ஆன்ஷுட்ஸா, வால்தரா, ஃபைன்வெர்க்பாவா என்று கிளப் கேன்டீனில் நடக்கும் சண்டையில் நானும் ஆறு மாதம் கலந்துகொண்டேன். எல்லோரும் பெயரைப் பற்றிப் பேசினார்கள். நானும் பெயரைத்தான் தேடினேன்.

விளையாட்டை விட்டு விலகும் ஒருவர் தன் ரைஃபிளை விற்பதாகச் செய்தி வந்தது. வேறு மாநிலம். ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்தது, பேரலில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்து நீட்டியது தொழிற்சாலைச் சோதனை அட்டையை. கிட்டத்தட்ட ஒரே ஓட்டை. ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. நான் அப்போதே மனத்துக்குள் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

கூட வந்த நண்பர் அட்டையைத் திருப்பி, மூலையில் இருந்த எண்ணைக் காட்டினார். "இது எந்த லாட் தோட்டாவில், அதாவது ஒரே தடவையில் செய்த எந்தத் தொகுதியில் சுட்டது, பார்த்தாயா? அந்த லாட் இப்போது உலகத்தில் எங்கேயும் இருக்காது."

விற்பவரிடம் மிச்சம் நான்கு லாட் இருந்தன. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி, ஒரே விலை. அட்டைப் பெட்டியின் மடிப்பில் அச்சிட்ட எண் மட்டும் வேறு வேறு. அங்கேயே சுடுதளத்தில் ரைஃபிளைக் கவ்வியில் பூட்டி, லாட் மாறும்போதெல்லாம் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுப் பேரலைப் பழக்கிவிட்டு, பிறகு பத்துப் பத்தாகச் சுட்டோம். அதிகம் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தபோது முதல் லாட் 24 மில்லிமீட்டர், இரண்டாவது 19. மூன்றாவது 13. நான்காவதில் ஒன்பது குண்டு கூட்டமாக உட்கார, ஒன்று மட்டும் கோபித்துக்கொண்டு ஓடியதில் 21. நம்பிக்கை வராமல் மூன்றாவதை மறுபடி சுட்டேன். 15.

இந்த மில்லிமீட்டர்களுக்கு என்ன அர்த்தம்? 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6. வளையக் கோட்டைக் குண்டின் விளிம்பு தொட்டாலே பத்து என்பதால், குண்டுகளின் மையங்கள் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் எல்லாமே பத்து. 13க்கு அதில் இடம் உண்டு. 24க்கு இல்லை; கை கல்லாக நின்றாலும் ஒன்பது விழும், நான் என் மூச்சைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கிளப் ரைஃபிளில் 12 வருடம் என் மூச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ரைஃபிளையும் மூன்றாவது லாட்டில் மிச்சமிருந்ததையும் சேர்த்து வாங்கினேன். உரிமத்துக்கு அலைந்ததை எழுத ஆரம்பித்தால் இது தொடர்கதையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

⁂

பழையமார்ட்டினி

தம்பி, லாட் விஷயம் சரி. ஆனால் பேரலின் வாயைப் பார்த்தீர்களா? அதை எழுதவே இல்லையே.

நான் சுடப் பழகியது பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ. மார்ட்டினியில். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். இழுத்துத் திறக்கும் தண்டான போல்ட் கிடையாது. பிடிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் உள்ளே ஒரு கட்டை முன்பக்கம் சாய்ந்து வழி விடும். அதன் முதுகில் இருக்கும் பள்ளத்தில் தோட்டாவை வைத்துக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். நெம்புகோலை மேலே இழுத்தால் 'களுக்' என்று ஒரு சத்தம். பிரிட்டிஷ் ராணுவம் 1871இல் எடுத்துக்கொண்ட மார்ட்டினி ஹென்றியின் பேரப்பிள்ளை அது. எடை கூடுதல், ஆனால் தோளில் வைத்தால் குழந்தையைத் தூங்கவைத்தது போல அசையாமல் கிடக்கும்.

அதற்கு ஒரு சங்கடம் உண்டு. பின்பக்கம் அடைத்திருக்கும். துடைக்கும் கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட முடியாது. எங்கள் கிளப்பில் வருடக்கணக்காக எல்லோரும் முன்வாய் வழியாகவே கம்பியை விட்டு இழுத்திருக்கிறார்கள், நானும்தான். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால், பின்னால் வரும் காற்று அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டுக் குண்டின் பின்புறத்தை ஒரு தள்ளு தள்ளிவிடும். குரூப்பிங், அதாவது ஓட்டைகள் பரவும் அளவு, 30 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. "கிழடாகிவிட்டது, இரும்புக்கடைக்குப் போடலாம்" என்றார்கள்.

ராணுவத்தில் ஆயுதப் பழுது பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பேரல் வாயின் உள்விளிம்பில் வைத்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டே சுற்றி வந்தார். ஓர் இடத்தில் பஞ்சு நூல் நூலாகச் சிக்கியது. "இதோ உங்கள் கிழட்டுத்தனம்" என்றார். அரை அங்குலம் அறுத்து, வாயைப் புதிதாகக் கடைந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 16 மில்லிமீட்டர்.

பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு பஞ்சுக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள். விலை என்னவோ பத்துப் பைசாதான். முடிந்தால் உள்நோக்கும் கேமராவும் கொண்டுபோங்கள். .22 தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் கலவையில் கண்ணாடித் தூள் உண்டு. அது தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால், பேரலின் அடிப்பக்கத்தில் படியும். அடுத்த குண்டு அதன் மேல் ஏறித் தேய்த்துக்கொண்டு போகும். பல்லாயிரம் சுட்ட பேரலில் ஆறு மணி முள் நிற்கும் இடத்தில் மட்டும் இரும்பு சொரசொரப்பாகத் தெரியும். "கொஞ்சம்தான் சுட்டேன்" என்று வாய் சொல்லும். பேரல் வேறு கணக்குச் சொல்லும்.

⁂

இடக்கை, கோயம்புத்தூர்

ஐயா சொன்ன பஞ்சுக்குச்சி எனக்கு முன்பே தெரிந்திருந்தாலும் நான் தப்பித்திருக்க மாட்டேன். நான் வாங்கிய ரைஃபிளில் பேரல் வாய் சுத்தம், கவ்வியில் 14 மில்லிமீட்டர். என் கையில் வந்ததும் 30.

நான் இடக்கைக்காரி. ரைஃபிள் வலக்கைக்காரர்களுக்கானது. "பழகிவிடும்" என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். படுத்த நிலையில் என் வலக்கை வாரில் கட்டுண்டு ரைஃபிளைத் தாங்குகிறது. போல்ட் வலப்பக்கம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடக்கையை விசையிலிருந்து எடுத்து, ரைஃபிளுக்கு மேலே தாண்டி, போல்ட்டை இழுத்து, தோட்டா வைத்து, மூடி, மறுபடி கன்னத்தைப் பதிக்க வேண்டும். மேகசின் துப்பாக்கியில்கூட இந்த அவஸ்தை பாதிதான். ஒற்றைத் தோட்டாவில் தோட்டா வைக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. 60 முறை. நாற்பதாவது தோட்டாவுக்குள் என் தோள் எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும்.

பயிற்சியாளர் அக்கா ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். தோட்டா இல்லாமல் ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திற. கண்ணருகே குறிபார்க்கும் பின்பார்வையின் துளைக்கு நடுவில், பேரல் நுனியில் இருக்கும் முன்வளையம் தானாக வந்து நின்றால் அது உன் ரைஃபிள். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அடுத்தவருடையது. நான் கண்ணைத் திறந்தபோது பாதி இருட்டும் ஒரு பிறைநிலவும் தெரிந்தன.

அதை விற்றுவிட்டு இடக்கை ரைஃபிளுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தேன். கவ்வியில் அது 17தான். என் மதிப்பெண் ஏறியது.

⁂

வடமேற்குக்காற்று

அக்கா, பொருத்தத்தை மறுக்கவில்லை. ஆனால் மேத்யூ எம்மன்ஸ் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சில மாதங்களுக்கு முன் அந்த அமெரிக்கருடைய ரைஃபிளை யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டார்கள். பழக்கமான ஒரு வீராங்கனையின் ரைஃபிளை இரவல் வாங்கிக்கொண்டு போய், 50 மீட்டர் படுத்த நிலையில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் படுத்தும் நின்றும் மண்டியிட்டும் சுடும் மூன்று நிலைப் போட்டியில் கடைசித் தோட்டா வரை முன்னிலை. அந்தத் தோட்டாவைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டார். தங்கம் போயே போய்விட்டது.

⁂

இடக்கை, கோயம்புத்தூர்

அவர் இடக்கைக்காரராக இருந்து வலக்கை ரைஃபிளை இரவல் வாங்கியிருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன்.

⁂

டெக்சாஸ்வாசி

இங்கே கதை வேறு. இது வேட்டைக்காரர்களின் ஒற்றைத் தோட்டா. பின்கட்டை செங்குத்தாகக் கீழே இறங்கும் வகை. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, வின்செஸ்டர் 1885இல் வெளியிட்ட ரைஃபிளின் சாதி. அழகுக்காகவே வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

முதல் மூன்று குண்டும் ஒட்டிக்கொண்டு விழுந்தன. பேரல் சூடானதும் நான்காவது ஒரு அங்குலம் மேலே, ஐந்தாவது அதற்கும் மேலே, ஏணி வைத்தது போல. இந்த வகையில் மரம் இரண்டு துண்டு. முன்மரம் தனியாகத் தொங்கிக்கொண்டு பேரலை அடியிலிருந்து அழுத்துகிறது. சூடும் ஈரமும் மாறினால் அழுத்தமும் மாறுகிறது. மரத்தைச் சுரண்டி இடைவெளி விட்டபின் ஏணி குட்டையானது. மறையவில்லை. மானுக்கு முதல் தோட்டாதான் கணக்கு என்பதால் நான் கவலைப்படவில்லை. போட்டிக்கு என்றால் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

⁂

பிளஸ்டூ, கடலூர்

அண்ணா, இதையெல்லாம் படித்துத் தலை சுற்றுகிறது. நான் இப்போதுதான் தொடங்கப் போகிறேன். எங்கள் ஊரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில்தானே சுடுகிறார், அதிலேயே தொடங்கலாமா? அப்பா நேராக .22 வாங்கித் தருகிறேன் என்கிறார்.

⁂

படுத்துச்சுடுபவன், சென்னை

தம்பி, அப்பாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஏர் ரைஃபிளும் ஒற்றைத் தோட்டாதான், 10 மீட்டர், பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அங்கேயும் ஈயக்குண்டின் லாட் பார்ப்பார்கள். தலையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். கிளப் ரைஃபிளில் ஆறு மாதம் சுடு. உன் கழுத்து எவ்வளவு நீளம், தோள் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் உனக்கே தெரியும். வளரும் வயது வேறு. இன்று அளவெடுத்தது அடுத்த வருடம் சட்டை போலச் சிறுத்துவிடும்.

மார்ட்டினி ஐயாவுக்கு: நேற்றிரவு பஞ்சுக்குச்சியோடு உட்கார்ந்து பேரல் வாயைச் சுற்றி வந்தேன். எங்கும் சிக்கவில்லை. மனைவி பார்த்துவிட்டு, "அதற்குக் காதும் இருக்கிறதா?" என்றாள்.

மூன்றாவது லாட்டில் இப்போது என்னிடம் இருப்பது 140 தோட்டா. பயிற்சிக்குத் தொடுவதில்லை. மாநிலப் போட்டிக்கு 60, அதற்கு முன் பார்வை சரிசெய்ய ஒரு இருபது என்றால் ஒரு போட்டிதான் வரும், மிஞ்சும் 60 இன்னொன்றுக்குப் போதாது. அடுத்த மாதம் புதிதாக ஐந்து லாட் வருகிறது என்கிறார்கள். கவ்வியை இரவல் கேட்டிருக்கிறேன்.

⁂

பழையமார்ட்டினி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடுங்கள் தம்பி, பத்து மணிக்குமேல் கடற்காற்று ஏறிவிடும். நானும் வருகிறேன். மார்ட்டினிக்கும் ஒவ்வொரு லாட்டிலும் பத்து ஒதுக்கிவையுங்கள்.