பைத்தான் 3.8, 3.13 இரண்டிலும் ஒரே கோட் ஓட வேண்டும்

கேள்வி:
லைப்ரரி ஒன்றை 3.8-லிருந்து 3.13 வரை ஓடவைக்க வேண்டும். தனித்தனி பிராஞ்ச் வேண்டாம். வெர்ஷனைச் சோதிக்கும் இஃப்-க்குள் மேட்ச் ஸ்டேட்மென்ட் (மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிப்பது) எழுதியும் 3.8-ல் ஸின்டாக்ஸ் எரர் வருகிறது. டாமல் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் டாம்லிப் மாட்யூலும் 3.8-ல் இல்லை. என்ன வழி?

பதில் 1:
பைத்தான் ஃபைல் முழுவதையும் கம்பைல் செய்த பிறகுதான் முதல் வரியையே ஓட்டும். மேட்ச் வந்தது 3.10-ல். 3.8-ன் பார்சர் அதைக் கண்டதும் நின்றுவிடும். உங்கள் இஃப் வரை போகவே போகாது. அதே ஃபைலில் ட்ரை-எக்ஸப்ட் போட்டாலும் இதே கதிதான். தனி ஃபைலில் வைத்து, வெர்ஷன் பார்த்து இம்போர்ட் செய்யலாம். மேட்ச்-க்காக அவ்வளவு பாடு வேண்டாம், இஃப்-எலிஃப் போதும்.

டாம்லிப் 3.11-ல் வந்தது. பழையவற்றுக்கு டாம்லி என்ற தனி பேக்கேஜ் இருக்கிறது, ஏபிஐ (அழைக்கும் முறை) அதேதான். 3.11-க்குக் கீழே மட்டும் இன்ஸ்டால் ஆகும்படி மார்க்கரோடு (வெர்ஷன் நிபந்தனையோடு) டிபென்டன்ஸியில் சேருங்கள். இந்த வெர்ஷன் சோதனைகள் எல்லாவற்றையும் வெர்ஷன் வித்தியாசங்களுக்கென்றே ஒரு காம்பேட் ஃபைலில் வையுங்கள். கோட் முழுக்க இறைத்துவிட்டால், நாளை 3.8-ஐக் கைவிடும்போது தேடித்தேடி அழிக்க வேண்டிவரும்.

பதில் 2:
வெர்ஷனை ஸ்ட்ரிங்காக ஒப்பிடாதீர்கள். எழுத்து வரிசைப்படி 3.10 என்பது 3.9-க்கு முன்னால் வந்துவிடும். ஸிஸ்.வெர்ஷன்_இன்ஃபோ-வை டியூப்பிளோடு ஒப்பிடுங்கள். மைபை போன்ற டைப் செக்கர்களும் அதைப் புரிந்துகொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஃப்யூச்சர் மாட்யூலிலிருந்து அனோட்டேஷன்ஸ் (டைப் குறிப்புகளுக்கான வசதி) இம்போர்ட் செய்தேன். பங்ஷன்களில் பைப் குறி போட்ட யூனியன் டைப் வேலை செய்கிறது, டைப் அலியாஸில் (டைப்புக்கு வேறு பெயர் வைக்கும் வரியில்) மட்டும் 3.8 உடைகிறது. ஏன்?

பதில் 2:
அந்த இம்போர்ட் அனோட்டேஷன்களை மட்டும்தான் மதிப்பிடாமல் விடும். அலியாஸ் சாதாரண அசைன்மென்ட், உடனே ஓடிவிடும். அங்கே டைப்பிங் மாட்யூலின் யூனியனையே எழுதுங்கள். அனோட்டேஷனை ரன்டைமில் படிக்கும் லைப்ரரிகளோடு சேர்ந்தாலும் இதே சிக்கல் வரும்.

பதில் 3:
புதிய வெர்ஷன்களில் காணாமல் போன மாட்யூல்களையும் பாருங்கள். டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப் இரண்டும் 3.12-ல் நீக்கப்பட்டன, சிஜிஐ, டெல்நெட்லிப் 3.13-ல். டெஸ்ட் ஓட்டும்போது டெப்ரிகேஷன் வார்னிங்கை எரராக மாற்றிவிட்டால், அடுத்து நீக்கப்படவிருப்பவை பெரும்பாலும் முன்பே சிக்கிவிடும்.

சிஐ-யில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பில்) 3.8, 3.13 இரண்டும் கட்டாயம் ஓடட்டும். அதன் யாமல் கான்ஃபிக் ஃபைலில் 3.10-ஐ மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் எண்ணாகப் படித்து 3.1 என்று எடுத்துக்கொள்ளும்.