புதுப்பிப்பு: தொண்டிக் கவிதை மாலை

அழகப்பா பல்கலைக்கழகத்தோடு உறவுள்ள கவிஞர்களைத் அதன் கடலியல் துறை இருக்கும் தொண்டி வளாகத்தில் கொண்டாடப்போகிறோம், யாரை வாசிக்கலாம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். பலர் சொன்னது கவிஞர் மீரா (மீ. ராசேந்திரன்). சரி, அவரையே எடுத்தோம். சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்தக் கல்லூரி இப்போது அழகப்பாவோடு இணைந்தது. அவருடைய கவிதைத் தொகுப்பு 'கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்' வாசிக்கும்போது கடல்காற்றில் நகல் தாள்கள் நிஜமாகவே பறக்க, கடலியல் மாணவர்கள் ஆளுக்கொரு சங்கைத் தூக்கி மேலே வைத்தார்கள். ஆய்வகத்துச் சங்கு, எண் ஒட்டியது!

நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப் புலவரையும் சேர்த்திருந்தோம். அவர் எதற்கு என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். பல்கலைக்கழகத் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்தக் காப்பியத்துக்குத் துணைநின்ற வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். இந்தக் கரையில் உமறுவை விட்டுவிட்டா நடத்துவது? சீறாப்புராணத்தின் 5,027 விருத்தப் பாடல்களில் சிலவற்றை ஒரு மாணவி ராகத்தோடு பாடினார். அடுத்தது கீழக்கரையில், தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.