வாந்தூ மலை: "சராசரி 7.5 சதவீதம்தான்" என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள்

மலைப்பாதை:
செப்டெம்பரில் ப்ரோவான்ஸ் பக்கம் ஐந்து நாள் சைக்கிள் பயணம் என்று கிரெத்தை தம்பி ஒரு திட்டம் போட்டிருக்கிறார். பாரிஸிலிருந்து அவிஞோனுக்கு ரயில், கார்பன்த்ராவில் தங்கல், மூன்றாம் நாள் வாந்தூ. அதுவரை சரி. ஆனால் "பெதுவான் பாதை 21 கிலோமீட்டர், சராசரி 7.5 சதவீதம்தான், ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் பக்கத்து ஷெவ்ரோஸில் ஓட்டுகிற யாரும் ஏறிவிடலாம்" என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பார்த்துப் பேசாமல் இருக்க முடியவில்லை. அடிவார ஊரான பெதுவானிலிருந்து சென்-எஸ்தேவ் வளைவு வரை முதல் ஆறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 4 சதவீதச் சாய்வுதான். அதையும் சேர்த்து வகுத்தால்தான் 7.5 வருகிறது. வளைவைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் ஷாலே ரெய்னார் என்ற உணவகம் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், அங்கே சராசரியே 9 சதவீதத்தைத் தாண்டும்.

கிரெத்தை தம்பி:
அண்ணை, நான் பொய் எழுதவில்லை. ஏறும் உயரம் 1,600 மீட்டர் சொச்சம், தூரம் 21 கிலோமீட்டர் சொச்சம். வகுத்துப் பாருங்கள், 7.5தான். ஆட்களைப் பயமுறுத்தி வீட்டில் உட்கார வைப்பதே உங்கள் வழக்கம்.

மலைப்பாதை:
வகுக்க எனக்கும் தெரியும் தம்பி. கணுக்கால் தண்ணீரில் பாதி தூரம், கழுத்தளவில் பாதி தூரம் நடந்துவிட்டு, சராசரி இடுப்பளவு என்று சொல்வீர்களா? முதல் ஆறு கிலோமீட்டரைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இருபத்தெட்டுப் பல்:
முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 28. இதே கியரில் ஷெவ்ரோஸின் பதினேழு வளைவு மேட்டை உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். கால் உள்ளவன் ஏறுவான், இல்லாதவன் சதவீதம் பேசுவான்.

மலைப்பாதை:
பதினேழு வளைவு மேடு இரண்டு கிலோமீட்டர்கூட வராது. இங்கே காட்டில் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு இறங்கும். உங்கள் 28 பல்லில் அது பெடல் நிமிடத்துக்கு 46 சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி மிதித்தால் முழங்கால் என்ன ஆகும்? பின்னால் 34 பல் போட்டால் 55 சுற்று, மிதி லேசாகும். முதல் ஆறு கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நானும் 28 பல்லோடு போனவன். சாலையோர மஞ்சள் தலைக் கல் ஒன்றில் கையூன்றி நின்றேன். தொடை துடித்த துடிப்பில் பெடல் கிளிப்பிலிருந்து அடுத்த காலைக் கழற்றவே முடியவில்லை.

இருபத்தெட்டுப் பல்:
நின்றது உங்கள் கால். கியரைக் குறை சொல்லாதீர்கள்.

புதுவைக்காரன்:
ஒருவர் வாந்தூ என்கிறார், தம்பியின் திட்டத்தில் வென்டூ என்று இருக்கிறது. பிரான்ஸில் இத்தனை வருஷம் இருந்தும் மலையின் பெயரைச் சரியாகச் சொல்ல வராதா?

கிரெத்தை தம்பி:
புதுச்சேரியில் படித்த பிரெஞ்சை வைத்து மலை ஏற முடியாது ஐயா. பேசுகிற விஷயத்துக்கு வாருங்கள்.

புதுவைக்காரன்:
பெயரே தெரியாதவர் திட்டம் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

சோ பாதைக்காரி:
இரண்டு பேரும் ஏன் பெதுவானிலேயே நிற்கிறீர்கள்? நான் போன ஜூலையில் சோ ஊரிலிருந்து ஏறினேன். 26 கிலோமீட்டர், ஆனால் 4, 5 சதவீதம். லாவண்டர் பூத்திருந்தது. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

இருபத்தெட்டுப் பல்:
சோ பாதை கணக்கில் வராது அக்கா. மலையின் முதுகில் ஏறி உட்கார்ந்ததைப் போய் ஏற்றம் என்கிறீர்கள்.

சோ பாதைக்காரி:
ஷாலே ரெய்னாரில் இரண்டு பாதையும் ஒன்றாகிவிடும். மரமே இல்லாத அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டர் வெள்ளைக் கல்லில் எனக்கு அடித்த காற்றுதான் உங்களுக்கும் அடிக்கும். 2016 ஜூலை 14 அன்று மிஸ்த்ரால் காற்றுக்காகத் தூர் து பிரான்ஸ் பந்தயத்தின் அன்றைய கட்டத்தையே உச்சிக்கு விடாமல் ஷாலே ரெய்னாரில் முடித்தார்கள். நீங்கள் முதலில் உச்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மலைப்பாதை:
காற்றைப் பற்றி அக்கா சொல்வது சரி. ஆனால் பேச்சு அதுவல்ல. தம்பி எழுதிய 7.5தான் பேச்சு. முதல் ஆறு கிலோமீட்டர் எங்கே போயிற்று?

கிரெத்தை தம்பி:
உண்மையான காரணத்தை நானே சொல்கிறேன். போன வருஷம் ராம்பூயே காட்டில் உங்கள் டயர் பஞ்சரானபோது நாங்கள் நிற்காமல் போய்விட்டோம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மலைப்பாதை:
நாற்பது நிமிடம் மழையில் நின்றேன். அதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்காத அதே ஆள்தான் இன்று எட்டுப் பேரை 1,909 மீட்டர் உயரத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். புதிதாக வருகிறவர் இந்த 7.5ஐ நம்பி 28 பல்லோடு வந்து காட்டுக்குள் தள்ளாடினால் யார் நிற்பது?

இருபத்தெட்டுப் பல்:
அன்று உங்களிடம் பம்ப் இருந்தது.

மலைப்பாதை:
பம்ப் இருந்தது, டியூப் இல்லை. டியூப் உங்கள் பையில் இருந்தது.

கிரெத்தை தம்பி:
பழையதைக் கிளறிப் பயனில்லை. ஆறு பேர் பணம் கட்டிவிட்டார்கள். பெதுவான்தான். சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டு ரயிலில் ஏற்றுவது பற்றி யாராவது சொல்ல முடியுமா?

மலைப்பாதை:
சொல்கிறேன். முதலில் அந்த 7.5 வரியைத் திருத்துங்கள். சென்-எஸ்தேவுக்கு அப்புறம் எத்தனை சதவீதம் என்று அந்த ஆறு பேருக்கும் எழுதிக்காட்டுங்கள்.

கிரெத்தை தம்பி:
சராசரி 7.5தான் அண்ணை.