பச்சை ஃபிரேம் டுகாட்டி விற்பனைக்கு: டேங்க் மாறினால் வண்டி மாறிவிடுமா?

பெவல்பித்தன்:
இத்தாலியில் பொலோஞா பக்கம் 1974 டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் பைக் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஃபிரேமும் எஞ்சினும் ஒரிஜினல். ஒருமுறை முழுக்கப் பிரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஃபைபர் டேங்க்கை எடுத்துவிட்டு அலுமினிய டேங்க் போட்டிருக்கிறார்கள். விரிசல் விட்ட பழைய டேங்க்கைத் தனிப்பெட்டியில் தருவார்களாம். சேகரிப்பாளர்கள் மட்டும் பேச வேண்டும், விலை கேட்டால்தான் சொல்வார்கள். காசு உள்ளவர் யோசிக்காமல் வாங்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

துருப்பிரியன்:
மறுக்கிறேன். அந்த மாடலில் செய்தது மொத்தமே சுமார் 400 வண்டி. அடுத்த வருடமே எஞ்சினின் உருண்டை மூடி போய்ச் சதுர மூடி வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டிக்கு முகமே டேங்க்தான். ஃபைபர் டேங்க்கின் பக்கவாட்டில் பெயின்ட் படாமல் ஒரு கோடு விட்டிருப்பார்கள். பெட்ரோல் எதுவரை நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், மண்ணெண்ணெய் பாட்டிலைப் பார்ப்பதுபோல. இப்போது விளம்பரத்தின் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலுமினிய டேங்க்கில் அதே இடத்தில் மஞ்சளாக ஒரு பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள்! சுவரில் ஜன்னல் வரைந்த கதை.

பெவல்பித்தன்:
பட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபைபர் டேங்க்கில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால் என்ன ஆகும் தெரியுமா? அதில் கலந்த எத்தனால், ஃபைபரைப் பிணைத்திருக்கும் ரெசினை இளக்கிவிடும். இளகியது டெல்லோர்டோ கார்புரேட்டருக்குள் கோந்தாகப் படியும். ஓட்ட வேண்டும் என்று நினைத்தவர் அலுமினியம் போட்டதில் என்ன குற்றம்? பழையதைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வைத்திருக்கிறாரே!

துருப்பிரியன்:
பெட்டியில் இருப்பது டேங்க்கா, டேங்க்கின் அஸ்தியா? அதுகூடப் பரவாயில்லை. பெயின்ட்? அந்த நீலம் கலந்த பச்சை ஃபிரேமால்தான் வண்டிக்குப் 'பச்சை ஃபிரேம்' என்று பெயரே வந்தது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒரு தடவைதான் இருக்கும். அதைச் சுரண்டிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் திரும்பாது. என் பழைய யெஸ்டி பைக்கை ஒரு பட்டறையில் 'புதுசு மாதிரி' ஆக்கித் தந்தார்கள். தந்தை கையெழுத்துப் போல டேங்க்கில் இருந்த கீறல்கள் எல்லாம் போய், யார் வீட்டு வண்டியோ என்று நிற்கிறது. இன்னொன்று, ஃபிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஸ்பானர் அக்கா:
அங்கேயே நில்லுங்கள் தம்பி. டுகாட்டி அந்தக் காலத்தில் இரண்டு எண்ணையும் ஒன்றாக அடித்ததே இல்லை. இந்த மாடலில் இரண்டும் 075 என்று தொடங்கும் வரிசையில் வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டும் அச்சாக ஒரே எண்ணாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சாதாரண 750 ஜிடியை வாங்கிப் பச்சை அடித்து எண்ணைக் கொத்தி விற்கிற கூட்டம் இருக்கிறது. அதனால் எழுத்தின் வடிவத்தையும் அந்த இடத்து உலோகத்தையும் பாருங்கள். அரைத்த தடம் இருந்தால் ஓடிவிடுங்கள்.

நீங்கள் இருவரும் தோலைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். டேங்க்கைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம். வண்டியின் உயிர் உள்ளே இருக்கிறது. மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம் என்கிற சுழலும் மேடு, மூடுவது ஸ்பிரிங். வேகம் ஏறும்போது ஸ்பிரிங் திணறும், வால்வு இருக்கையில் உட்காராமல் மிதக்கும். டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தால்யோனி மூடுவதற்கும் தனியாக ஒரு கேமும், அது தள்ளும் ராக்கர் நெம்புகோலும் வைத்தார். 1956-இல் 125 சிசி ரேஸ் வண்டியில் தொடங்கியது, இரட்டை சிலிண்டரில் கடைக்கு வந்தது இந்த 750 சூப்பர் ஸ்போர்ட்டில்தான். அதைச் சரிசெய்பவருக்குப் பொறுமை வேண்டும். மூடும் பக்கத்து இடைவெளியைச் சரிசெய்யத் தனியாக ஷிம் என்கிற சிறு துண்டு, கேமைச் சுழற்றும் பெவல் என்கிற சாய்வுப் பல் கியர்களுக்குத் தனியாக ஷிம். கையில் அளவி இல்லாதவர் தொடக் கூடாது.

அப்புறம் பிஸ்டனின் கனெக்டிங் ராடைத் தாங்கும் கிராங்க் பின். அதற்குள் எண்ணெய்க் கசடு சேரும், சேர்ந்தால் கனெக்டிங் ராடின் ரோலருக்கு எண்ணெய் போகாது. கடைசியாக எப்போது பிரித்துச் சுத்தம் செய்தார்கள் என்று விற்பவரிடம் கேட்டீர்களா? விளம்பரத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான், மஞ்சள் பட்டை இல்லை.

நாலாம் கியர்:
அக்கா சொன்ன பிறகு வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று. 'ஒரிஜினல்' என்று எதைச் சொல்கிறோம்? இந்த வண்டி பிறந்ததே 1972 ஏப்ரல் 23-இல் இத்தாலியின் இமோலா 200 மைல் ரேஸில் கிடைத்த வெற்றியால். பால் ஸ்மார்ட் முதலிடம், புரூனோ ஸ்பஜ்ஜியாரி இரண்டாமிடம், எம்.வி. அகுஸ்தா வண்டியில் வந்த சாம்பியன் அகோஸ்தினி முடிக்கவே இல்லை. ஸ்மார்ட் அப்போது அமெரிக்காவில் இருந்தார். டுகாட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட, 'வருவார்' என்று வாக்குக் கொடுத்தது அவர் மனைவி மேகி. அந்த ரேஸ் வண்டியின் ஃபிரேமில் சென்டர் ஸ்டாண்ட் மாட்டுகிற காதுகள் அப்படியே இருந்தன. கடை வண்டியின் ஃபிரேமை எடுத்துத்தான் ரேஸ் வண்டி செய்தார்கள். கைக்குக் கிடைத்ததை மாற்றி மாட்டியவர்களின் வாரிசுக்கு இவ்வளவு ஆசாரம் பார்க்கலாமா?

துருப்பிரியன்:
அவர்கள் மாற்றியது ஜெயிப்பதற்கு. இவர் மாற்றியது விற்பதற்கு. இரண்டும் ஒன்றா?

பெவல்பித்தன்:
ஓட்டுவதற்கு என்று சொல்லுங்கள். கிக்கர் மட்டும், இண்டிகேட்டர் கிடையாது, கியர் வலது காலில். விற்பதற்காக மட்டும் வைத்திருப்பவர் இந்தத் தொல்லையை எல்லாம் படமாட்டார். சரி, அக்கா கேட்டதை இன்று காலை விற்பவருக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்துவிட்டது. எண் அடித்த இடத்தின் படங்கள் இரண்டு, 075-தான். கிராங்க் பற்றிக் கேட்டதற்கு 'எஞ்சின் அருமையாக ஓடுகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஸ்பானர் அக்கா:
ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லையே. பழுது பார்த்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எஞ்சினைப் பிரிக்கும் செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். முதல் படத்தை இன்னும் தெளிவாக அனுப்பச் சொல்லுங்கள், 5-இன் வால் பக்கம் நிழல் விழுந்திருக்கிறது.

துருப்பிரியன்:
பெட்டியில் இருக்கும் டேங்க்கின் படமும் ஒன்று கேளுங்கள். வாங்கச் சொல்லவில்லை, பார்க்க ஆசை.